உடம்பின் ரொக்கக் கணக்கைக் கண்டவர் – டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்



நம் மூங்கில்துறைப்பட்டில் அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் சர்க்கரை ஆலைச் சாலையில் கரும்பு டிராக்டர்களுக்கு வழிவிட்டே நடக்க வேண்டும். அந்தக் கரும்பை வெட்டுபவர்களைக் கவனித்திருப்பீர்கள். காலையில் கேழ்வரகுக் கூழோ பழைய சோறோ குடித்துவிட்டு வயலில் இறங்குவார்கள். வெயில் ஏறும் வரை குனிந்த முதுகு நிமிராமல் அரிவாள் வீசி, கட்டுக் கட்டி, தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுவார்கள். வயிற்றுக்குள் போன கூழ் கைக்கு எப்படி பலமாக வந்தது?

கேட்பதற்குச் சின்னப் பிள்ளை கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் நூறு வருடங்களுக்கு முன்பு உலகத்தின் பெரிய விஞ்ஞானிகளிடம் கூட இதற்குச் சரியான பதில் கிடையாது. பதிலின் மிக முக்கியமான பகுதியைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் சென்னையில் படித்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்றும் அவர் படித்த இடங்கள். பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ். அவருடைய ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த மருந்துகளில் ஒன்றாவது உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் உடம்புக்குள் போயிருக்கும். அவரைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப்போகிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்துவிட்டு வங்கிக் கவுண்டரில் காலம் தள்ளியவன். அறிவியல் எனக்கு வரவு செலவுக் கணக்காகத்தான் புரியும். அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

பீமவரத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு

1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திராவில் இருக்கும் அந்த ஊர் அன்று நம்மோடு சேர்ந்து சென்னை மாகாணத்தில் இருந்தது. தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடல்நலம் குன்றி வேலையை முன்னதாகவே விட நேர்ந்தது. வீட்டில் பிள்ளைகள் பலர், வருமானம் சொற்பம்.

பையனுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். தந்தை இறந்த பிறகு தாய் வெங்கம்மா நகையை விற்று அவரைப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை திருவல்லிக்கேணியில் படித்துத் தேறினார். நம் பிள்ளைகள் ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் வீட்டில் எப்படி இடி விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

கல்லூரி நாட்களில் ராமகிருஷ்ண மடத்தின் மீது பற்று வந்து, துறவியாகிவிட நினைத்தார். தாய் சம்மதிக்கவில்லை. மடத்தில் இருந்தவர்களே, மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய் என்று திருப்பி அனுப்பினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பணம் போதவில்லை. கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவர் படிப்புக்கு உதவினார். அவருடைய மகள் சேஷகிரியைத்தான் பிறகு மணந்தார்.

அது காந்தியின் அழைப்பை ஏற்று அந்நியத் துணியை மக்கள் ஒதுக்கிய காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கே கதர் அங்கி அணிந்து போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. மற்ற பாடங்களை நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றார், நடக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராகச் சேர்ந்தார்.

சோறு இருந்தும் உடம்பில் ஒட்டாத நோய்

இந்த இடத்தில் அவர் வாழ்க்கையின் பெரிய துயரத்தைச் சொல்ல வேண்டும். அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். நோயின் பெயர் ஸ்ப்ரூ. வெப்ப நாடுகளில் வரும் குடல் நோய். சாப்பிட்ட சாப்பாட்டிலுள்ள சத்தைக் குடல் உறிஞ்சாது. வயிற்றுப்போக்கு நிற்காது. ரத்தம் குறையும். தட்டில் சோறு இருக்கும், வாயும் சாப்பிடும், ஆள் மட்டும் நாளுக்கு நாள் உருகிக்கொண்டே போவார். அன்றைக்கு அதற்குச் சரியான மருந்து கிடையாது.

உணவு பலமாக மாறாமல் போனால் மனிதன் என்ன ஆவான் என்பதை அவர் தன் வீட்டிலேயே பார்த்துவிட்டார். பிற்காலத்தில் அவர் எந்தெந்த ஆராய்ச்சிகளில் கை வைத்தார் என்று பார்த்தால், அந்த இரண்டு மரணங்களும் அவரை விட்டு அகலவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1920-களின் தொடக்கத்தில் காக்கிநாடா மல்லாடி சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் ஆதரவும் மாமனார் திரட்டித் தந்த பணமும் கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்களைப் பற்றிப் படிக்கச் சேர்ந்தார். கையில் இருந்தது சில நாள் செலவுக்கே காணாது. பகலில் வகுப்பு. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் பெட்பேன் எடுத்துக் கழுவும் வேலை. டாக்டருக்குப் படித்தவர் அந்த வேலையைச் செய்துதான் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி செய்துகொண்டார்.

தாமதமாக வந்த நீல நிறம்

அங்கே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க எளிய முறை ஒன்று வேண்டியிருந்தது. மாதிரியில் சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். 1925-ல் வெளியான இந்த முறைக்கு ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று பெயர். அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இதைப் பயன்படுத்தினார்கள். அவர் பெயர் நிலைத்து நின்ற இடம் இது.

இதே முறையைத் தசையிலிருந்து எடுத்த சாறில் செய்து பார்த்தபோது ஒரு சிறு பிசகு தெரிந்தது. நீல நிறம் உடனே முழுதாக வரவில்லை. மெதுமெதுவாக ஏறியது. வேறொருவராக இருந்தால் கருவியையோ ரசாயனத்தையோ குறை சொல்லி விட்டிருப்பார். வங்கியில் நாள் முடிவில் ரொக்கம் ஐந்து ரூபாய் இடித்தால் அதைப் பிடிக்காமல் நாங்கள் வீட்டுக்குப் போக மாட்டோம். இவர்களும் விடவில்லை. தசைக்குள் பாஸ்பேட் வேறு ஒன்றோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருவதால்தான் நிறம் தாமதமாகிறது என்று கண்டார்கள். அந்த ஒட்டுப்பொருளுக்குப் பெயர் பாஸ்போகிரியாட்டின். ஆண்டு 1927. தசை வேலை செய்யும்போது அது குறைகிறது, ஓய்வு கொடுத்தால் திரும்பச் சேர்கிறது என்பதையும் காட்டினார்கள்.

அடுத்து 1929-ல் அதே தசையிலிருந்து இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்.

இது ஏன் பெரிய விஷயம்? அதற்குமுன், தசையில் லாக்டிக் அமிலம் உண்டாவதுதான் தசை சுருங்கக் காரணம் என்று நம்பியிருந்தார்கள். அந்தத் துறையில் உழைத்த ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கொடுக்கப்பட்டிருந்தது. புதிய பொருள்கள் தெரிய வந்த சில ஆண்டுகளுக்குள் அந்தக் கணக்கையே கிழித்துப்போட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

வங்கிக்காரன் பார்வையில் உங்கள் உடம்பு

இப்போது அரவைச் சாலைக் கேள்விக்கு வருவோம்.

கூழில் இருப்பது மாவுச்சத்து. ஆலையிலிருந்து வரும் சர்க்கரையில் குளுக்கோசும் ஃப்ரக்டோசும் ஜோடியாக இருக்கும். களி, சாமைச் சோறு, இட்லி என எதைச் சாப்பிட்டாலும் குடல் அந்த மாவுச்சத்தைக் குளுக்கோசாக உடைத்து ரத்தத்தில் விடுகிறது. ஆனால் தசைக்குக் குளுக்கோசைக் கொடுத்து நேரடியாக வேலை வாங்க முடியாது. வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் காய்கறிக் கடையில் நீட்ட முடியுமா? ரொக்கமாக மாற்ற வேண்டும். உடம்பின் ரொக்கம் ஏ.டி.பி.

ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட் வரிசையாக இருக்கும். கடைசிப் பாஸ்பேட் கழலும்போது வரும் ஆற்றலில்தான் தசை சுருங்குகிறது. கழன்றபின் அது ஏ.டி.பி. இல்லை, ஏ.டி.பி.க்கு ஒரு பாஸ்பேட் குறைந்த ஏ.டி.பி. மாதிரி ஒன்று, அதை அடினோசின் டைபாஸ்பேட் என்றெல்லாம் குழப்பாமல், செலவான நோட்டு என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு உடம்பு அந்த நோட்டில் மறுபடி ஒரு பாஸ்பேட்டை ஒட்டிப் புது நோட்டாக்கிவிடும்.

எந்த நேரத்திலும் உடம்பில் இருக்கும் ஏ.டி.பி. சில நூறு கிராமுக்குள்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பவர் கூட ஒரு நாளில் ஏறக்குறைய 40 கிலோ ஏ.டி.பி.யைச் செலவழிக்கிறார். எப்படி? ஒரே பத்து ரூபாய் நோட்டு பூக்கடை, டீக்கடை, பஸ், மளிகை என்று ஒரே நாளில் பல கை மாறுவது போல, அதே ஏ.டி.பி. மறுபடி மறுபடி செலவாகி, மறுபடி மறுபடி புதுப்பிக்கப்படுகிறது.

மற்ற இருப்புகளை இப்படிப் பார்க்கலாம்.

சட்டைப் பையில் இருக்கும் சில்லறைதான் கையிருப்பு ஏ.டி.பி. முழு வேகத்தில் இயங்கினால் இரண்டு மூன்று விநாடிக்குக் காணும்.

பாஸ்போகிரியாட்டின் கவுண்டர் இழுப்பறையில் இருக்கும் பணம். கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். சுமார் பத்து விநாடிக்கு ஓட்டும்.

கிளைக்கோஜன் சேமிப்புக் கணக்கு. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து ஏறத்தாழ 500 கிராம். கிராமுக்கு 4 கலோரி வீதம் சுமார் 2,000 கலோரி.

கொழுப்பு நிரந்தர வைப்பு. கிராமுக்கு 9 கலோரி. உடம்பில் 10 கிலோ கொழுப்பு இருந்தால் 90,000 கலோரி இருப்பு. ஆனால் வைப்புத் தொகையைப் போலவே அவசரத்துக்கு உடனே கைக்கு வராது. மெதுவாகத்தான் விடுவிக்கப்படும்.

மின்வெட்டில் லிஃப்ட் நின்ற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் காய்கறிப் பையோடு வேகமாகப் படி ஏறுகிறீர்கள். முதல் சில படிகள் சுலபம், சில்லறையும் இழுப்பறைப் பணமும் கை கொடுக்கின்றன. அதற்கு மேல் கிளைக்கோஜனைத் தொட வேண்டும். ஆக்சிஜன் போதுமான அளவு வந்து சேரும் முன், குளுக்கோசை அரைகுறையாக உடைத்து ஒன்றுக்கு 2 ஏ.டி.பி.தான் தேறுகிறது. ஆக்சிஜன் வந்துவிட்டால் அதே ஒரு குளுக்கோசிலிருந்து சுமார் 30 தேறும். மூன்றாம் மாடிக்கு வந்து கதவைத் திறந்த பிறகும் மூச்சு வாங்குகிறதே, அது இழுப்பறையில் எடுத்ததைத் திரும்ப நிரப்பும் வேலை. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும். படியேறும்போது நெஞ்சு இறுக்கமோ வலியோ வந்தால் மட்டும் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏன் சீக்கிரம் சோர்ந்து போகிறார்கள் என்பதும் இதே கணக்கில் புரியும். ரத்தத்தில் குளுக்கோஸ் நிறைய இருக்கிறது, ஆனால் இன்சுலின் குறைந்தோ சரியாக வேலை செய்யாமலோ இருப்பதால் தசைக்குள் நுழைய முடியவில்லை. கணக்கில் பணம் இருக்கிறது, ஏ.டி.எம். அட்டை முடங்கிக் கிடக்கிறது. வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே கொஞ்சம் குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்ளும். டாக்டர்கள் நடக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேரேட்டில் விடுபட்ட பெயர்

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்குப் பிறகு சுப்பாராவுக்கு என்ன கிடைத்தது? 1930-ல் ஹார்வர்டு டாக்டர் பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. பத்து ஆண்டுகள் அங்கேயே உழைத்தும் கிடைக்கவில்லை. பல பாடநூல்களில் ஏ.டி.பி.யைக் கண்டவர் என்று லோமன் பெயர் மட்டுமே இருக்கும். அதே ஆய்வுக்கூடத்தில் இளைஞராக இருந்து, பிற்காலத்தில் 1988-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் கண்டறிந்த வேறு சில பொருள்கள் வெளியிடப்படாமலே நின்றுபோயின என்றும், அதற்கு ஃபிஸ்க்கின் பொறாமைதான் காரணம் என்றும் பின்னாளில் தெரிவித்தார். அவற்றை வேறு ஆட்கள் பல ஆண்டுகள் கழித்து மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்ததாம்.

ஏ.டி.பி. உடம்பில் எப்படித் தயாராகிறது என்று விளக்கியவர்களுக்கு 1997-ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதைப் பிரித்தெடுத்தவருக்கு எந்தக் காலத்திலும் கொடுக்கவில்லை.

லெடர்லியில் எட்டு ஆண்டுகள்

1940-ல் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்தில் பெர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஆய்வுத் துறைக்கே தலைமை ஏற்றார். எட்டே ஆண்டுகளில் அவருடைய குழு செய்த வேலையைப் பாருங்கள்.

1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகைக்கு அது கைகண்ட மருந்தாயிற்று. சகோதரர்களைக் கொண்டுபோன அதே ஸ்ப்ரூ. அவர்களுக்குக் கிடைக்காத மருந்து இருபது சொச்சம் ஆண்டுகள் கழித்து அவர் தலைமையில் புட்டியில் அடைபட்டது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது இந்த ஃபோலிக் அமிலம்தான்.

அந்த ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் பொருள்களையும் தயாரித்தார்கள். அவற்றை வைத்து பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தார். தற்காலிகமாகவேனும் நோய் தணிந்ததை 1948-ல் அறிவித்தார். இன்றைய புற்றுநோய் மருந்துச் சிகிச்சையின் தொடக்கங்களில் அது ஒன்று. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்று முடக்குவாதத்துக்கும் வாரம் ஒரு முறை கொடுக்கப்படுகிறது. நம்மில் சிலருக்கு அந்தப் பெயர் பழக்கமானதாக இருக்கும்.

1947-ல் யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, முன்னால் நின்று விழுங்கச் சொல்லிக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை இதுதான். 1948-ல் ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவது. பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியலாளர் அவர் குழுவில் இருந்து கண்டுபிடித்தது.

இத்தனைக்கும் அவர் கொடுத்த விலை பெரிது. கப்பல் ஏறியவர் திரும்பி வரவே இல்லை. மகன் கைக்குழந்தையாகவே இறந்துபோன செய்தி அவருக்குக் கடல் தாண்டித்தான் வந்தது. சேஷகிரி அம்மையார் காத்திருந்தார். இந்த வேலை முடியட்டும், அடுத்த வேலை முடியட்டும் என்று ஆண்டுகள் ஓடின. 1948 ஆகஸ்டில் ஒரு நாள் தூக்கத்திலேயே மாரடைப்பில் உயிர் போயிற்று. வயது 53. நாடு விடுதலை பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவரைப் போற்றும் நாம், அந்த அம்மையாரின் பெயரையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் புட்டிகளில் அவருடைய வாழ்நாளும் இருக்கிறது.

1995-ல் நூற்றாண்டு நினைவாக இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். நேரில் கிடைத்த மரியாதையை விடப் பின்னால் கிடைத்தது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பதிவு ஒன்று விடுபட்டிருந்தால், எத்தனை ஆண்டு ஆனாலும் கண்டுபிடித்த அன்றைய தேதியில் அதைப் பேரேட்டில் ஏற்றிவிடுவோம். நம் குடியிருப்பில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏ.டி.பி. பாடம் வரும்போது புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஃபிஸ்க், சுப்பாராவ், 1929 என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்றவர் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், முக்கியமாகத் தேர்வு முடிவு வரும் வாரத்தில்.

பெரியவர்கள் மாலையில் தென்பெண்ணைப் பக்கம் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். நிரந்தர வைப்பை ஒரேயடியாக உடைக்க முடியாது, தினமும் கொஞ்சம் எடுத்தால்தான் குறையும்.

அடுத்த இதழில் சந்திப்போம். அனைவரும் நலமாக இருங்கள்.